மனைக்கு ஒரு மனு

பூந்தமல்லிக்கு மேற்கே, குத்தம்பாக்கத்துச் சமத்துவபுரத்தில் ஐம்பது இரட்டை வீடுகள் உள்ளன. நடுச்சுவர் ஒன்றே, ஒருபுறம் ஆதிதிராவிடர், மறுபுறம் பிற வகுப்பினர். அவற்றைக் காணுந்தோறும், ஏழைகள் மனைக்காகப் பட்ட பழைய பாடு நினைவுக்கு வருகிறது.

தமிழகத்து உழவுத் தொழிலாளி நெடுங்காலம் பண்ணையார் மனையிலேயே குடிசை கட்டி வாழ்ந்தான்; கூலி உயர்த்திக் கேட்டால் குடிசை போய்விடும். 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் குடியிருந்தவனுக்கே அம்மனையை உரிமையாக்கிற்று. நல்ல சட்டந்தான். ஆனால் அன்று அங்கிருந்ததை மெய்ப்பிக்க, ஒரு ரசீதுகூட இல்லாதவன் எதைக் காட்டுவான்? மனு எழுதத்தான் யார் இருந்தார்?

வழக்கறிஞர் துணை வாய்த்தவிடத்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னைக் குடிசைவாசிகளுக்காகக் கே. சந்துரு தொடுத்த வழக்கும், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கும் 1985 ஜூலை 10 அன்று தீர்ந்தன. பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது பம்பாய்த் தீர்ப்பு; எனினும் வெளியேற்றத்தை அது முற்றிலும் தடுக்கவில்லை.

1987-இல் இயற்றப்பெற்ற சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி, பெண்ணும் குழந்தையும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். குடிசையிழக்கும் குடும்பத்தில் தாயே மனுச் செய்யலாம். எழுதத் தெரியாதவள் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள்.