செய்தி செல்லும் வழியும் மக்கள் இயக்கமும்

வேலணைத் தீவின் கரையிலே அமைந்த சிற்றூர் சாட்டி. சிந்தாத்திரை மாதா திருத்தலத்தாலும் கடற்கரையாலும் பெயர்பெற்றது. பண்ணைக் கடலுக்குக் குறுக்கே வீதி அமையுமுன்னர், யாழ்ப்பாணப் பட்டினத்துச் செய்தி இவ்வூரை அடைவதாயின் தோணியேறியே வரவேண்டும். இன்றோ கொழும்பில் எழும் முழக்கம் மறுகணமே இங்குள்ள கைத்தொலைபேசியில் ஒலிக்கிறது. செய்தியின் வழி மாறினால் மக்கள் இயக்கத்தின் இயல்பும் மாறுமா? இதற்கு விடை தேடுவோர் முதலில் 1931ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும்.

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி, 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென மறுத்தது. மேடைப்பேச்சும் பத்திரிகையுமே அதன் கருவிகள். அரசாங்க சபைத் தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகியவற்றுடன் தீவகத்துக்குரிய ஊர்காவற்றுறைத் தொகுதியிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஆயினும் தென்னிலங்கை அவ்வழியைப் பின்பற்றவில்லை. வெறுமையாய்க் கிடந்த ஆசனங்கள் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தலால் நிரப்பப்பட்டன. வடக்கின் குரல் வடக்கிலேயே நின்றுவிட்டது.

தொண்ணூற்றோராண்டுகளின் பின்னர் குரல் நாடெங்கும் பரவியது. எரிபொருளும் மின்சாரமும் இன்றி மக்கள் வாடிய 2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி, ஜனாதிபதியின் மிரிஹான இல்லத்தின் முன்னே கூட்டம் திரண்டது. "கோட்டா கோ ஹோம்" என்னும் முழக்கம் முகநூலிலும் ட்விட்டரிலும் பெருகியது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் அத்தளங்களை முடக்கியது. மக்கள் மாற்று மென்பொருள்களால் தடையைக் கடந்தனர். தடையும் அன்றே நீங்கியது. ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக்களமாயிற்று. ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். நாட்டைவிட்டு நீங்கிய கோட்டாபய ராஜபக்ஷவின் இராஜினாமாவும் மின்னஞ்சலிலேயே வந்தது!

எனினும் கருவி எப்போதும் நீதிக்கே துணைபோகும் எனல் பொருந்தாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது, பகைமையை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றதும் இதே கருவியே. நெருப்பு அடுப்பையும் எரிக்கும், கூரையையும் எரிக்கும்.

இன்னொன்றும் சிந்தித்தற்குரியது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியிலே தொடர்போராட்டம் தொடங்கினர். காலிமுகத்திடலில் முதற் கூடாரம் எழுந்தபோது அத்தாய்மாரின் போராட்டம் ஐந்தாண்டுகளைக் கடந்திருந்தது. அவர்கள் கையிலும் தொலைபேசி இருந்தது, படங்களும் பரவின. ஆனால் அவர்களுடைய மொழியும் துயரமும் தென்னிலங்கைத் திரைகளில் அத்துணை விரைவாய்ப் பெருகவில்லை. ஆகவே கடலைக் கடக்கும் கருவி மனவேலியையும் கடந்துவிடும் என எண்ணுதல் தவறு.

காலிமுகத்திடற் கூடாரங்களை 2022 ஜூலை 22ஆம் திகதி அதிகாலையிலே படையினர் அகற்றினர். தாய்மாரோ தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தியவாறே பின்னரும் வீதியில் நின்றனர். ஆயிரவரை ஒருநாளிற் கூட்டும் ஆற்றல் கருவிக்கு உண்டு. ஆண்டுக்கணக்காய் நிற்கும் உறுதியை மனிதரே தருதல் வேண்டும். அக்குரலைக் கேட்கும் செவியும் மனிதருடையதே.