பத்துக் கேள்விகளும் வெல்ஃபேர் ஆபீசரும்

நம்ம ஊரில் குடியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வகை ஆட்கள்தான் கணக்கு: குடிக்காதவர், குடிகாரர். சட்டமும் அப்படித்தான் யோசித்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் கருணாநிதி அதை விலக்கினார். 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது. கடையை மூடுவதா திறப்பதா என்பதே எப்போதும் சண்டை.

மருத்துவம் மறுமுனையில் நின்றது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிக்கு அடிமையானவர்களை மீட்பதில் அது முன்னோடி. ஆனால் சம்பள வாரத்தில் அளவு மீறிக் குடித்துவிட்டு, திங்கள் காலை ஷிஃப்டில் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்? அவர் இன்னும் அடிமை ஆகவில்லை. யாருடைய கணக்கிலும் இல்லை.

அவரைப் பற்றி யோசிக்க வைத்ததில் 1977-ல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வுக்குப் பங்கு உண்டு. கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்டு குழுவினர் குடிப் பிரச்சினை உள்ள 100 திருமணமான ஆண்களை முழுமையாகப் பரிசோதித்து, இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு முழுச் சிகிச்சை. மீதிப் பேருக்கு, மனைவியோடு உட்காரவைத்து ஒரே ஒரு ஆலோசனை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

அப்படியானால் முற்றுவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொன்னால் என்ன? முதலில் அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1982-ல் ஆறு நாடுகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து வந்ததுதான் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகள். எவ்வளவு அடிக்கடி, எத்தனை கிளாஸ், குடித்தபின் குற்ற உணர்வு வந்ததா, குறைக்கச் சொல்லி யாராவது கவலைப்பட்டார்களா... மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே எச்சரிக்கை. 20-ஐ எட்டினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நடுவில் இருப்பவருக்குப் பேச்சே மருந்து: மதிப்பெண்ணைச் சொல்லி, திட்டாமல், முடிவை அவரிடமே விடுவது.

இது இந்தியாவில் எடுபடுமா? கோவாவில் சங்காத் அமைப்பு சோதித்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஆடிட்டில் 12 முதல் 19 வரை வாங்கிய 377 ஆண்கள். பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், அதிகபட்சம் நான்கு சந்திப்புகள். 2017-ல் லான்செட்டில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் ஆபத்தான அளவிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம். ஆலோசனை கிடைக்காத தரப்பில் 26. தொடர்ந்து குடித்தவர்களின் அளவு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. மாயமந்திரம் இல்லை, ஆனால் செலவு குறைந்த நல்ல வேலை.

இப்போது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வருவோம். இந்தப் பேச்சைப் பேச இங்கே ஆள் ஏற்கெனவே உண்டு. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 49. அந்த 'வெல்ஃபேர் ஆபீசர்' வேலைக்கு ஆள் தந்த படிப்புகளில் சமூகப்பணியும் ஒன்று. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் அதில் மூத்தது.

சிக்கல் வேறிடத்தில். அந்த அலுவலருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். கேள்வித்தாள் எச்.ஆர். ஃபைலுக்குப் போகும் என்று தெரிந்தால், காண்ட்ராக்ட் தொழிலாளி முதல் கேள்விக்கே "பழக்கம் இல்லீங்க சார்" என்பார். மதிப்பெண் பூஜ்யம்; எல்லோரும் யோக்கியர்! உண்மையைச் சொன்னால் கேட் பாஸ் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை இந்தக் கருவி வெறும் காகிதம்தான்.

லண்டனிலும் கோவாவிலும் கேட்டவர் முதலாளியின் ஆள் இல்லை. நம்ம காரிடாரில் இதைச் செய்வதென்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ, ஆலைக்கு வெளியே இருக்கும் சமூகப்பணியாளரிடமோ தொடங்குவதுதான் சரி. யார் கேட்கிறார் என்பதைவிட, பதில் எந்த மேஜைக்குப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.