ஃப்ரெட்லெஸ் பேஸ்: மரத்துக்கு ஒரு விலை, கைக்கு என்ன விலை?

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் ஒரு பேஸ் கிதாரைச் செய்து விற்றது. புத்தம் புதிய கிதார்தான். ஆனால் அதன் பூச்சு பெயர்ந்திருக்கும், விளிம்பு தேய்ந்திருக்கும், உடம்பெல்லாம் கீறலும் வடுவுமாக இருக்கும். இவை எல்லாம் பட்டறையிலேயே திட்டமிட்டு உண்டாக்கியவை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற கலைஞர் ஆண்டுக்கணக்கில் வாசித்துத் தேய்த்த ஒரு பழைய கிதாரின் காயங்களை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் பட்ட பாட்டின் தழும்புகளைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.

பழைய ஃப்ரெட்லெஸ் பேஸ் மீது உலகெங்கும் இசைக்காரர்களுக்கு ஒரு மோகம் உண்டு. நமக்கும் உண்டு. அந்த ஒலியைக் கேட்டு மயங்காதவர் குறைவு. ஆனால் அந்த மோகம் எதன் மீது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மரத்தின் மீதா, தயாரித்த ஆண்டின் மீதா, அதைத் தொட்ட கைகளின் மீதா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு வரலாறு விரிகிறது.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். வீணையின் தண்டில் குறுக்கே வரிசையாக மெட்டுகள் இருக்கும். விரல் எந்த மெட்டில் அழுத்துகிறதோ அந்தச் சுரம் பிறக்கும். கிதாரில் அதே வேலையைச் செய்யும் உலோகக் கம்பிக்குத்தான் ஃப்ரெட் என்று பெயர். வயலினில் அது கிடையாது. விரல் நேரடியாக மரத்தில் தந்தியை அழுத்துகிறது. ஒரு மயிரிழை தள்ளி வைத்தாலும் சுரம் பிசகும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம், இரண்டுக்கும் நடுவில் நின்று கொஞ்சலாம், விரலை உருட்டி நடுங்க வைக்கலாம். ஃப்ரெட்லெஸ் பேஸ் அப்படிப்பட்டது. அதிரும் தந்தி மரப்பலகையை உரசுவதால் ஒவ்வொரு சுரமும் வாய் திறந்து மூடுவதுபோல மலர்ந்து அடங்கும். வாசிப்பவர்கள் அந்த ஒலியை 'ம்வா' என்றே அழைக்கிறார்கள். மனிதக் குரலுக்கு மிக நெருக்கமான பேஸ் இதுதான்.

மின்சாரம் வருவதற்கு முன் பேஸ் என்றாலே ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதற்கும் ஃப்ரெட் கிடையாது. அமெரிக்க ஜாஸ் இசையில் அந்தக் கருவியை உயர்த்திப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கலைஞர்கள். இது தற்செயலாக நடந்ததல்ல. பின்னாளில் ஜாஸ் உலகின் மேதையாகப் போற்றப்பட்ட சார்லஸ் மிங்கஸ் சிறுவயதில் செல்லோ வாசித்தார். செவ்வியல் இசையில் ஒரு கறுப்பினப் பையனுக்கு இடம் கிடைக்காது, பேஸுக்கு மாறிக்கொள் என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. சொன்னவர் அவருடைய கறுப்பின நண்பர்தான். வன்மத்தால் சொல்லவில்லை, நடைமுறை தெரிந்து சொன்னார். திறமை இருந்தும் எந்தக் கருவியை யார் தொடலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. அப்படி ஒதுக்கித் தள்ளப்பட்ட இடத்தில் நின்றுதான் மிங்கஸ் அந்தக் கருவியின் வரலாற்றையே மாற்றினார்.

1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ஒரு மின்சார பேஸ் கிதாரைக் கொண்டுவந்தார். அதற்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர் வைத்தார். பிரிசிஷன் என்றால் துல்லியம். ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கையில் தூக்கிப் போகலாம், ஒலிபெருக்கியில் இணைத்தால் டிரம்ஸ் சத்தத்தையும் மீறிக் கேட்கும். இந்தப் புதிய கருவியை ஜாஸ் மேடைகளுக்கு முதலில் கொண்டு போனவர்களும் கறுப்பினக் கலைஞர்களே. லயனல் ஹாம்ப்டன் இசைக்குழுவில் ராய் ஜான்சனும், அவரை அடுத்து மங்க் மாண்ட்கோமரியும் 1950களின் தொடக்கத்தில் அதை வாசித்தார்கள். டபுள் பேஸ் வாசித்துப் பழகிய மாண்ட்கோமரிக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு அதிலேயே பெயர் பெற்றார்.

ஆக, ஃப்ரெட் என்பது ஒரு வசதியாக வந்தது. அந்த வசதியைப் பிடுங்கி எறிந்தவர்கள் யார்?

1961இல் லண்டனில் பில் வைமன் என்ற இளைஞர், ஒரு கொத்தனாரின் மகன், விலை மலிந்த பழைய பேஸ் ஒன்றை வாங்கினார். நல்ல கருவி வாங்கக் காசில்லை. தேய்ந்துபோன ஃப்ரெட்டுகளை மாற்றிவிடலாம் என்று பிடுங்கினார். பிடுங்கிய பின் வந்த ஒலி பிடித்துப்போக, புதியதைப் பொருத்தாமலே விட்டுவிட்டார். பிறகு அவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்தார். அந்த மலிவு கிதார் அக்குழுவின் இசைத்தட்டுகளில் ஒலித்தது.

ஒரு நிறுவனம் ஃப்ரெட் இல்லாத மின்சார பேஸை வரிசையாகத் தயாரித்து விற்க 1966 வரை ஆயிற்று. அது நியூ ஜெர்சியின் ஆம்பெக் நிறுவனம் செய்த ஏயூபி-1. உடம்பில் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை ஓட்டையாகத் திறந்த வயலின் துளைகள், டபுள் பேஸைப் போலச் சுருண்ட தலை என்று பார்க்கவே விசித்திரமாக இருக்கும். 'தி பேண்ட்' குழுவின் ரிக் டாங்கோ ஆம்பெக் ஃப்ரெட்லெஸ் வாசித்தவர்களில் ஒருவர். குறைந்த எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டதால் இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1970இல்தான் தன் பிரிசிஷன் பேஸை ஃப்ரெட் இல்லாமல் விற்கத் தொடங்கியது. துல்லியத்தின் பெயரால் வந்த கருவி, துல்லியம் தரும் கம்பி இல்லாமல், அதே பெயரில் கடைக்கு வந்தது.

இப்போது ஜாக்கோவிடம் வருவோம். ஃபுளோரிடாவில் வளர்ந்த அந்த வெள்ளைக்கார இளைஞர், தன் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைத் தானே பிடுங்கியதாகச் சொன்னார். பள்ளங்களை மரப்பசையால் அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகையின் மேல் பூசினார். உலோகச் சுருள் தந்தி மரத்தை அரித்துவிடாமல் அது காத்தது. ஒலிக்கும் ஒரு பளபளப்பைக் கொடுத்தது. 1976இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டு 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்ந்தார். ஃப்ரெட்லெஸ் என்றாலே ஜாக்கோ என்று ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஜாக்கோ தன் ஆசான்களை மறைக்கவில்லை. ஜேம்ஸ் ஜேமர்சன், ஜெர்ரி ஜெமட் என்று பெயர் சொன்னார். இருவரும் கறுப்பினக் கலைஞர்கள். அரீதா ஃபிராங்க்ளின், பி.பி. கிங் ஆகியோரின் புகழ்பெற்ற பதிவுகளில் பேஸ் வாசித்தவர் ஜெமட். ஜாக்கோவின் பாட வீடியோவில் அவரைப் பேட்டி கண்டவரும் அவரே. மறைத்தது சந்தையும் அதன் நினைவும்தான்.

ஜேமர்சனின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தென் கரோலினாவில் பிறந்து டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தவர். பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். 1960கள் முழுக்க மோடவுன் நிறுவனத்தின் சிறிய பதிவுக்கூடத்தில், ஃப்ரெட் உள்ள ஒரு பிரிசிஷன் பேஸை ஒற்றை விரலால் மீட்டினார். ஃப்ரெட் இருந்தும் அதில் டபுள் பேஸின் மூச்சு கேட்டது. உலகமே ஆடிய பாடல்களில் அவர் கை இருந்தது. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வந்தபோதுதான் மோடவுனின் பெரிய வெளியீடு ஒன்றின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாயின. கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனத்திலேயே இந்த நிலை. ஒடுக்கப்பட்டவர் முதலாளி ஆனால் மட்டும் உழைப்பவரின் பெயர் தானாக வந்துவிடாது என்பதையும் நாம் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

1983 ஜூலையில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் பால் யங் என்ற பாடகரின் பாட்டு முதலிடத்தில் இருந்தது. அது மார்வின் கே மோடவுனில் 1962இல் பதிவு செய்த பழைய பாட்டு. புதிய பதிவைத் தூக்கி நிறுத்தியது பினோ பல்லாடினோவின் ஃப்ரெட்லெஸ் பேஸ். ஜேமர்சனைத் தன் முன்னோடியாகச் சொல்பவர் அவர். அந்த ஒலி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே வேளையில், ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஜேமர்சன் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 47. அவருடைய 1962 பிரிசிஷன் பேஸ் அதற்குச் சில நாட்கள் முன்புதான் திருடு போயிருந்தது.

ஜாக்கோவின் முடிவும் இனிமையானதல்ல. மனநோயும் குடியும் அவரை நியூயார்க் பூங்காக்களில் படுக்க வைத்தன. 1986இல் அவருடைய பேஸும் திருடு போனது. 1987 செப்டம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு கேளிக்கை விடுதி வாசலில் அடித்து வீழ்த்தப்பட்டு, சில நாளில் இறந்தார். வயது 35. இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கிதார் நியூயார்க்கில் வெளிப்பட்டது. மெட்டாலிக்கா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ 2010இல் அதை மீட்க உதவினார். துண்டு துண்டாக உடைந்திருந்த மரத்தை ஒட்டிச் சேர்த்துவிட்டார்கள். மனிதனை ஒட்டிச் சேர்க்க அன்று யாரும் இல்லை.

அதே 1986இல் இன்னொரு ஃப்ரெட்லெஸ் உலகைக் கவர்ந்தது. பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' தொகுப்பு. அதில் பேஸ் வாசித்தவர் பகிதி குமாலோ. தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர். ஏழு வயதில் உறவினரின் இசைக்குழுவில் ஆள் குறைந்தபோது பேஸைக் கையில் எடுத்தவர். யார் எங்கே வசிக்கலாம், எங்கே நடமாடலாம் என்று தோலைப் பார்த்துச் சட்டம் போட்ட நிறவெறி அரசின் கீழ் வளர்ந்தவர். 1985இல் சைமன் ஜோகன்னஸ்பர்க்குக்குப் போய்ப் பதிவு செய்தார். நிறவெறி அரசுக்கு எதிரான பண்பாட்டுப் புறக்கணிப்பை அவர் மீறிவிட்டார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஹியூ மசகேலா, மிரியம் மகேபா போன்ற நாடு கடந்து வாழ்ந்த கலைஞர்கள் சைமனோடு மேடை ஏறியதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அந்த விவாதம் முழுக்க சைமன் செய்தது சரியா தவறா என்பதைச் சுற்றியே நடந்தது.

அந்தத் தொகுப்பின் 'யூ கேன் கால் மீ அல்' பாட்டின் இறுதிப் பகுதியில் எல்லா வாத்தியமும் நிற்க, பேஸ் மட்டும் தனியே சரசரவென்று இறங்கி ஏறும். சில நொடிகள்தான். குமாலோ வாசித்த பாதியைப் பதிவு நாடாவில் திருப்பி ஓட்டி மறுபாதியை ஒட்டினார்கள். உலகின் பேஸ் மாணவர்கள் இன்றும் அதை வாசிக்க முயன்று தோற்கிறார்கள். பாட்டை எழுதியவர் என்று அச்சாகியிருக்கும் பெயர் பால் சைமன் மட்டுமே. அதே தொகுப்பின் வேறு சில பாடல்களில் ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கும் எழுத்துப் பங்கு தரப்பட்டது. இந்தப் பாட்டில் இல்லை. வாத்தியக்காரர் பட்டியலில் குமாலோவின் பெயர் இருக்கிறது. ஜேமர்சனுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் நாமே பல ஆண்டுகள் அந்த இடத்தை 'பால் சைமன் பாட்டில் வருமே' என்றுதான் சொல்லிவந்தோம். அந்தத் தவறு நம்முடையது.

பழங்கருவிச் சந்தையின் கணக்கைப் பாருங்கள். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியது. அதற்கு முந்தைய கிதார்களுக்குத் தனி மரியாதை, தனி விலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எதையும் மாற்றியிருக்கக் கூடாது. 1962 ஜாஸ் பேஸில் யாராவது ஃப்ரெட்டைப் பிடுங்கியிருந்தால் அது 'கெடுக்கப்பட்ட' கருவி, விலை விழுந்துவிடும். அப்படிக் கெடுக்கப்பட்ட ஒன்றுதான் உலகிலேயே புகழ்பெற்ற பேஸ் கிதார். காசில்லாதவனின் மலிவு பேஸ், படகு எபாக்ஸி, ஒற்றை விரல், செல்லோ மறுக்கப்பட்ட பையன் என்று, தூய்மையான எதிலிருந்தும் இந்த ஒலி பிறக்கவில்லை. சந்தை போற்றும் தூய்மை இந்த ஒலியின் வரலாற்றில் எங்கும் இல்லை.

பழைய ஃப்ரெட்லெஸ் ஒன்றை வாங்க ஆசைப்படுபவர் தாராளமாக வாங்கட்டும். பழைய மரத்தில் நல்ல ஒலி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரெட் இல்லாத பலகையில் சரியான இடத்தைக் காட்ட எந்தக் கம்பியும் இல்லை. காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதைக் கருவி கற்றுத் தராது. மிங்கஸிடமும் ஜேமர்சனிடமும் குமாலோவிடமும்தான் கற்க வேண்டும்.

உழைத்த கையின் பெயரைக் கேட்பது நம் பழக்கம். இசையிலும் அதைக் கேட்போம். அடுத்த முறை அந்த 'ம்வா' ஒலி எங்காவது கேட்டால், பாடியவர் யார் என்பதோடு நிறுத்தாமல், பேஸ் வாசித்தது யார் என்றும் தேடிப் பார்ப்போம். தேடிக் கிடைத்த பெயரைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்வோம்.