மிடி இசையும் ஒலி வங்கிகளும்

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்கான நெறிமுறையாகும். மிடி கோப்பில் ஒலி இருப்பதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளே இருக்கும். ஆகவே ஒரு முழுப் பாடலும் சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். அக்குறிப்புகளுக்கு ஒலி கொடுப்பது ஒலி வங்கி. வங்கி மாறினால் அதே கோப்பு வேறு விதமாக ஒலிக்கும்.

வரலாறு

அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இக்குதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியால் 1983இல் மிடி நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் காலக் கணினி ஒலி அட்டைகள் ஒலியைச் செயற்கையாக உருவாக்கின. அவற்றில் வயலினும் புல்லாங்குழலும் விளையாட்டுப் பொம்மையின் ஓசைபோல் கேட்டன. 1994இல் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஏ.டபிள்யூ.இ.32 அட்டை, உண்மையான கருவிகளிலிருந்து பதிவு செய்த சாம்பிள்களை 1 மெகாபைட் நினைவகத்தில் கொண்டிருந்தது. சவுண்ட்ஃபான்ட் என்னும் கோப்பு வடிவத்தின் மூலம் பயனர்கள் புதிய ஒலி வங்கிகளையும் ஏற்றிக்கொள்ள முடிந்தது. உயர்தர வங்கிகளில் ஒரே சுரத்தை மென்மையாகவும் வலுவாகவும் வாசித்து, தனித்தனியே பதிவு செய்திருப்பர்.

தமிழ்த் திரையிசையில் இளையராஜா, 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கே கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் 'ரோஜா' படத்தின் மூலம் அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், வீட்டோடு அமைந்த தம் ஒலிப்பதிவுக் கூடத்தில் கீபோர்டும் கணினியும் கொண்டு இசையமைக்கும் முறையைப் பரவலாக்கினார்.

விடுபட்ட கருவிகள்

எல்லாக் கருவிகளும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதற்காக 1991இல் 'ஜெனரல் மிடி' தரம் வகுக்கப்பட்டது. அதன் 128 ஒலிகளில் 105ஆவது சித்தார், 112ஆவது ஷெனாய். ஜப்பானின் கோட்டோவுக்கும் ஷாமிசெனுக்கும் தனி எண்கள் உண்டு. வீணை, நாகசுரம், மிருதங்கம், தவில் ஆகியவற்றுக்கு இடமில்லை. எனவே இத்தரத்தில் நாகசுர இசையை அமைப்பவர் ஷெனாய் போன்ற வேறொரு கருவியின் ஒலியையே நாட வேண்டும்.

கமகம் அடுத்த சிக்கல். கர்நாடக இசையில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்தும் வழுக்கியும் செல்லும். மிடியில் சுருதியை வளைக்க 16,384 படிநிலைகள் இருந்தாலும், அவ்வளைவு ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். 2020இல் வெளியான மிடி 2.0 ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க வழிசெய்தது.

ஆயினும் தரமான சாம்பிள் மட்டும் போதாது. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் இதற்குச் சான்று. அதில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குச் செல்லும் வழியே இசையாகிறது. தனிச் சுரங்களை மட்டும் பதிந்துவைத்தால் அந்த வழி பதிவாவதில்லை.

நெல்லை, தென்காசி வட்டார வில்லுப்பாட்டின் வில்லும் குடமும், நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும் ஜெனரல் மிடியின் பட்டியலில் இல்லை. சவுண்ட்ஃபான்ட் போன்ற வடிவங்களில் எவரும் புதிய வங்கி உருவாக்கலாம். வாசிப்பவர் இருக்கும்போதே, அவர்தம் வாசிப்பு முறைகளோடு சேர்த்து இக்கருவிகளைப் பதிவு செய்தால்தான் நாளைய கணினி இசையில் அவற்றுக்கு இடம் கிடைக்கும்.