பளையில் செங்கோணம், கொடிகாமத்தில் விரிகோணம்

மணிக்கூடு ஒன்பது மணி காட்டுது. நிமிட முள் 12இல், மணி முள் 9இல். இடையில் 90 பாகை, செங்கோணம். அரை மணித்தியாலம் கழிச்சு என்ன கோணம்? வகுப்பில கேட்டால் பாதிப்பேர் அப்பவும் செங்கோணம் எண்டுதான் சொல்லுவினம். நிமிட முள் 6க்கு வந்திட்டுது, 6க்கும் 9க்கும் இடையில 90 தானே! ஆனால் மணி முள்ளும் சும்மா நிக்கிறேல்லை. அது 15 பாகை நகர்ந்து 9க்கும் 10க்கும் நடுவில போயிடும். ஆக 105 பாகை, விரிகோணம்.

2002இலிருந்து 2006 வரைக்கும் ஏ9 வீதியால போய் வந்த ஆக்கள் இந்தக் கணக்கைக் கையில கட்டிக்கொண்டு திரிஞ்சவை. பளையில் ஒன்பது மணி எண்டால், அதே கணத்தில் கொடிகாமத்தில் ஒன்பதரை. நடுவில மிருசுவில், எழுதுமட்டுவாள், பிறகு முகமாலைச் சோதனைச்சாவடி. அவ்வளவுதான்.

இது தொடங்கினது 1996இல். அந்த வருசம் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இருட்டில் தவித்தது. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கலாம் எண்டு அரசாங்கம் மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. மிச்ச அரை மணித்தியாலம் அப்பிடியே பத்து வருசம் நிண்டது.

தென்மராட்சி இராணுவத்தின் கைக்குப் போனது அதே 1996 ஏப்ரலில். அதாவது ஆட்சி மாறி ஒரு மாதத்தில் கொடிகாமத்தின் நேரமும் மாறியது. மின்சாரத்தைச் சேமிக்கத்தான் இந்த ஏற்பாடு. யாழ்ப்பாணமோ தேசிய மின்வலையிலிருந்து ஏற்கெனவே அறுபட்டுக் கிடந்தது. விளக்கே இல்லாத ஊருக்கு விளக்கை மிச்சம் பிடிக்கிற நேரம்! வன்னியில் புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள்.

எது சரியான நேரம்? அதுக்கும் கோணம்தான் பதில். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுத்துது, மணித்தியாலத்துக்கு 15. கொடிகாமம் கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 பாகையில் இருக்கு. வகுத்துப் பாருங்கோ, 5 மணித்தியாலம் 20 நிமிடம் வரும். சூரியனுக்குக் கிட்ட நிண்டது பழைய ஐந்தரைதான். ஆறரை எண்டது 97.5 பாகைக்குரிய நேரம். யாங்கோன் இண்டைக்கும் அந்த நேரத்தில்தான் இருக்கு. 1996இல் ஐந்து மாதம் எங்கட சனம் பர்மாவின் நேரத்தில் எழும்பிப் படுத்தது. பிறகு வந்த ஆறு மணித்தியாலம் டாக்காவின் நேரம்.

சூரியன் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டு. முள்ளுகள்தான் வேற. பளையில் பின்னேரம் மூண்டு மணிக்குச் செங்கோணம், கொடிகாமத்தில் அப்ப மூண்டரை: 75 பாகை, கூர்ங்கோணம். காலையில் விரிகோணமாக்கின அதே அரை மணித்தியாலம் பின்னேரம் கோணத்தைச் சுருக்கிவிடுது. பளையில் ஆறு மணிக்கு முள்ளுகள் நேர்கோணமாய் நிக்கேக்க, கொடிகாமத்தில் 15 பாகைதான். கொடிகாமம் சந்தைக்குச் சாமான் கொண்டுவாற ஒரு வியாபாரி, முகமாலை பூட்டமுதல் வந்திடவேணும் எண்டு எந்த மணிக்கூட்டைப் பாத்து ஓடியிருப்பார்?

2006 ஏப்ரல் 15இல் அரசாங்கம் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. பிள்ளைகள் விடியமுதல் இருட்டில் பள்ளிக்கூடம் போகினம் எண்டதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒண்டு. பளை மணிக்கூட்டிலும் கொடிகாமம் மணிக்கூட்டிலும் முள்ளுகள் ஒரே இடத்தில் நிண்டன.

நாலு மாதம்தான். ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை வெடித்து ஏ9 மூடப்பட்டது. ஒரே நேரம் காட்டின அந்த ரெண்டு ஊருக்கும் இடையில பிறகு கனகாலம் சனம் போய்வரேல்லை.