குளிரைத் தாண்டும் வீட்டு வண்டிகள்

கேரவன் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது, ஷூட்டிங் நடக்கும் இடத்தில் ஏசி ஓட நின்றுகொண்டிருக்கும் நடிகர்களின் வண்டிதான். "இதெல்லாம் பெரிய பணக்காரர்கள் சமாச்சாரம்" என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே நவம்பர் மாதம் வந்தால் பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளிலிருந்து வீட்டு வண்டிகள் தெற்கு நோக்கிக் கிளம்பும். ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற தம்பதிகள். பென்ஷன் பணத்தில் வாழ்பவர்கள். ஊரில் இருந்து ஹீட்டருக்குக் காசைக் கொட்டுவதை விட, அதே காசில் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ கடற்கரையில் வெயில் காயலாம் என்று கணக்குப் போட்டவர்கள்.

வரலாறு படிப்பவன் என்ற முறையில் எனக்கு எழுந்த கேள்வி இது: சாதாரண மனிதன் குளிர்காலம் முழுவதையும் வெளிநாட்டில் சிக்கனமாகக் கழிக்கலாம் என்பது எப்போது, எப்படிச் சாத்தியமானது? நல்ல வண்டி வந்ததால் என்றுதான் முதலில் தோன்றும். தேடிப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. வண்டி பாதிக் கதைதான். மீதிப் பாதி, பாஸ்போர்ட்டில் குத்தப்படும் முத்திரையில் இருக்கிறது.

வண்டி வந்த கதை

இன்பத்துக்காக ஊர் சுற்ற வீட்டு வண்டி கட்டியவர்களில் முன்னோடி, வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டலில் 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைச் செய்யச் சொல்லி, ஸ்காட்லாந்து வரை போனார். வண்டியோட்ட ஓர் ஆள், எதிரே வருபவர்களை எச்சரிக்க மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போக ஓர் ஆள், கூடவே ஒரு கிளி! ஆக, தொடக்கத்தில் இது பணக்காரர் சமாச்சாரமாகத்தான் இருந்தது.

அடுத்த கட்டம் ஜெர்மனியில். சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ், வியாபாரத்துக்காக ஊர் ஊராக அலைபவர். அவர் மணக்கவிருந்த ஃப்ரிடெல் ஓர் ஓவியர். தானும் கூடவே வந்து படம் வரைய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக 1931-ல் டெத்லெஃப்ஸ் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சின்ன வீட்டைக் கட்டினார். அது பின்னாளில் பெரிய கம்பெனியாகவே வளர்ந்தது.

போருக்குப் பிறகு வேகம் கூடியது. 1951-ல் வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம், ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய படுக்கை, அலமாரி அடங்கிய 'கேம்பிங் பெட்டி' ஒன்றைக் கொண்டுவந்தது. வாரநாளில் சரக்கு வேன், விடுமுறையில் வீடு! 1957-ல் எர்வின் ஹைமர் இழுவை கேரவன் செய்யத் தொடங்கினார். 1961-ல் மோட்டார்ஹோமும் செய்தார்.

ஆனால் வண்டி இருந்தால் மட்டும் குளிர்காலத்தில் போய்விட முடியாது. ஒரு சின்ன வேதியியல் பாடம். வண்டிக்குள் சமையல், ஹீட்டர், சுடுதண்ணீர் எல்லாவற்றுக்கும் கேஸ் சிலிண்டர்தான். பியூட்டேன் சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. உறைபனி இரவில் சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே வடக்கே புரொப்பேன் வேண்டும். தெற்கே ஸ்பெயினிலோ வீடுகளில் பரவலாகப் புழங்குவது பியூட்டேன். போதாததற்கு நாட்டுக்கு நாடு சிலிண்டரின் வாயும் ரெகுலேட்டரும் வேறு. இன்றும் குளிர்காலப் பயணிகள் இருவர் சந்தித்தால் பேச்சு கேஸில்தான் வந்து நிற்கும்.

ஐம்பது பவுண்டுக் காலம்

சரி, வண்டி வந்துவிட்டது. பணம்?

1966-ல் பிரிட்டனில் ஹரால்ட் வில்சன் அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியில் தவித்தது. பவுண்டு வெளியே போவதைத் தடுக்க ஒரு கட்டுப்பாடு வந்தது. ஸ்டெர்லிங் நாணயப் பகுதிக்கு வெளியே சுற்றுலா போகிறவர், ஆண்டுக்கு ஆளுக்கு 50 பவுண்டுக்கு மேல் அந்நியச் செலாவணி வாங்க முடியாது. வாங்கிய தொகை பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் பதிவு செய்யப்பட்டது. சொந்தப் பணம்தான், ஆனாலும் செலவழிக்க முடியாது!

இந்த இடத்தில் ஒரு சுவையான கணக்கு. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. பிரிட்டிஷ் பயணிக்கு வெளிநாடெல்லாம் விலை ஏறியது. ஆனால் ஸ்பெயின் அடுத்த சில நாட்களிலேயே தன் பெசெட்டாவை டாலருக்கு 60-லிருந்து 70 ஆகக் குறைத்துக்கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: 2.80 × 60 = 168. 2.40 × 70 = 168. அதாவது ஸ்பெயினில் மட்டும் பவுண்டுக்கு அதே 168 பெசெட்டா. 50 பவுண்டுக்கு 8,400 பெசெட்டா, முன்பும் அதுவே, பின்பும் அதுவே. சுற்றுலா வருமானத்தை நம்பியிருந்த நாடு வேறென்ன செய்யும்?

50 பவுண்டு வரம்பு 1970 தொடக்கத்தில் நீங்கியது. செலாவணிக் கட்டுப்பாடு முழுவதுமாக ஒழிந்தது 1979 அக்டோபரில், தாட்சர் ஆட்சியில். அதன் பிறகுதான் ஒரு பிரிட்டிஷ் பென்ஷன்காரர் தன் பணத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் செலவழிக்கலாம் என்ற நிலை வந்தது.

எல்லைகள் திறந்தன

1986-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. 1995 மார்ச்சில் ஷெங்கன் ஒப்பந்தம் ஏழு நாடுகளுக்கிடையே நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து போர்ச்சுகல் வரை சோதனைச் சாவடியே இல்லாமல் ஓட்டலாம். 2002-ல் யூரோ நோட்டு கைக்கு வந்தது; பணம் மாற்றும் வேலையும் போனது. பிரிட்டன் ஷெங்கனிலும் யூரோவிலும் சேரவில்லை. ஆனால் அதன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் அந்த நாட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி உண்டுதான். ஆனால் சுற்றுலாப் பயணிகளின் நாட்களை எல்லையில் யாரும் எண்ணவில்லை. வீட்டு வண்டிகளின் பொற்காலம் என்றால் இந்தக் கால் நூற்றாண்டுதான்.

இதில் சிக்கனம் எப்படி வருகிறது? பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக. இந்த வண்டி ஓடினால் செலவு, நின்றால் சிக்கனம். பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து ஸ்பெயினின் அலிகாண்டே சுமார் 1,800 கி.மீ. நூறு கி.மீ.க்கு 11 லிட்டர் டீசல் என்று வைத்தால் போக 200 லிட்டர், வர 200 லிட்டர். இரண்டு வாரம் தங்கித் திரும்பினால் அந்த 400 லிட்டர் கையைக் கடிக்கும். மூன்று மாதம் தங்கினால் ஒரு நாளைக்கு நாலரை லிட்டர்கூட வராது. கோடையில் நிரம்பி வழியும் கேம்ப்சைட்டுகள் குளிர்காலத்தில் காலியாகக் கிடப்பதால், மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு நல்ல தள்ளுபடி கிடைக்கும். பிரான்சில் திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் நிலத்தில் ஓர் இரவு இலவசமாக நிறுத்த அனுமதிக்கும் 'பிரான்ஸ் பாஸியோன்' திட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது. கட்டணச் சாலையைத் தவிர்த்து சாதாரண நெடுஞ்சாலையில் போனால் இன்னும் மிச்சம்.

ஆக, நீண்ட நாள் தங்குவதுதான் இந்தச் சிக்கனத்தின் உயிர்நாடி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

உள்ளூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

குளிர்காலத்தில் வரும் இவர்களால் கேம்ப்சைட், கடை, உணவகத்துக்கெல்லாம் வேலை கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கேம்ப்சைட் பக்கமே போகாமல் கடற்கரையில் வாரக்கணக்கில் இலவசமாக நிறுத்துபவர்களும் உண்டு. கழிவுநீரைக் கண்ட இடத்தில் கொட்டினால் ஊர்க்காரனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

ஸ்பெயின் 2008-ல் ஒரு விளக்கம் தந்தது. சக்கரம் மட்டும் தரையில் பட நின்றால் அது 'பார்க்கிங்'. உள்ளே தூங்கினாலும் சமைத்தாலும் பரவாயில்லை. வெளியே நாற்காலி போட்டாலோ, பந்தல் விரித்தாலோ அது 'கேம்பிங்'. அதற்கு உள்ளூர் விதிகள் பொருந்தும். ஒரு நாற்காலியில் இருக்கிறது சட்டம்! போர்ச்சுகல் 2021 தொடக்கத்தில் கேம்ப்சைட் போன்ற அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே வண்டியில் இரவு தங்குவதையே தடை செய்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு ஆகஸ்டில் தளர்த்தி, ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை என்றாக்கியது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் தடை தொடர்ந்தது.

ஜலசந்திக்கு அப்பால்

ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே கடல் மிகக் குறுகிய இடத்தில் 14 கி.மீ.தான். கப்பலேறிக் கடந்துவிட்டால் ஸ்பெயினை விடச் சூடு, ஸ்பெயினை விட மலிவு. அகாதிர் பக்கத்துக் கடற்கரைகள் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களின் குளிர்கால ஊராகவே மாறின.

2020 மார்ச் 13. கொரோனா பரவியதால் மொராக்கோ ஸ்பெயினுடனான கப்பல் போக்குவரத்தை நிறுத்தியது. செய்தி கேட்டு வடக்கே விரைந்த வீட்டு வண்டிகள் ஸ்பெயினுக்குச் சொந்தமான சியூட்டா நகரத்தின் எல்லையில் நீண்ட வரிசையில் நின்றன. சிலருக்கு வழி கிடைத்தது. சிலர் வாரக்கணக்கில், இன்னும் சிலர் மாதக்கணக்கில் மொராக்கோவிலேயே தங்க வேண்டியதாயிற்று. எண்ணிக் கொண்டுவந்த மருந்து மாத்திரைகளோடு வயதானவர்கள். வீடு கூடவேதான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குப் போக முடியவில்லை.

90 நாள்

அடுத்த அடி பிரிட்டிஷ்காரர்களுக்கு. 2021 ஜனவரி 1 முதல் அவர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குரிய உரிமைகள் இல்லாதவர்கள். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28. கூட்டினால் சரியாக 90. லீப் வருடமென்றால் பிப்ரவரி 28-ஆம் தேதியே வெளியேறியாக வேண்டும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். வழியில் பிரான்சில் கழியும் நாட்களும் சேரும். அப்படி முழுக் குளிர்காலம் இருந்துவிட்டால் மே மாதக் கடைசி வரை திரும்ப நுழைய முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகமும் கைரேகையும் கணினியில் பதிய ஆரம்பித்தார்கள். இனி நாட்களைக் கணினி எண்ணும்.

இப்போது அந்த டீசல் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீண்ட நாள் தங்கினால்தான் சிக்கனம். நாள் குறைந்தால் தினசரிச் செலவு ஏறும். சிலர் பாதி நாட்களை ஸ்பெயினிலும் மீதியை ஷெங்கனுக்கு வெளியே மொராக்கோவிலும் கழித்துச் சமாளிக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடும் காட்டி ஸ்பெயினின் நீண்டகால விசா வாங்கலாம். அயர்லாந்தில் பிறந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் ஐரிஷ் பாஸ்போர்ட்டும் வாங்கலாம். எதுவும் இல்லாத சாதாரண பென்ஷன்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். யாருக்காக இந்தச் சிக்கனப் பயணம் வளர்ந்ததோ, அவருக்கே கதவு பாதி சாத்தப்பட்டது.

பிரிட்டிஷ்காரர்கள் பலர் இதை அநியாயம் என்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நண்பர்களே, ஷெங்கன் சுற்றுலா விசா வாங்கும் இந்தியர்களுக்கு இந்த 90 நாள் விதி என்றைக்கும் இருந்ததுதான். அதுவும் வங்கிக் கணக்கு, ஹோட்டல் முன்பதிவு எல்லாம் காட்டி, விசா கிடைத்த பிறகு! அவர்களுக்கு 2021-ல் வந்த கணக்கு, நமக்குப் பழகிப்போன கணக்கு.

சக்கரம் இருந்தால் சுதந்திரம் என்று நினைக்கிறோம். 1966-ல் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் "இவ்வளவு பணம்தான்" என்றது. 2021-ல் அதே பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை "இத்தனை நாள்தான்" என்றது. நடுவில் யாரும் எண்ணாமல் விட்ட கால் நூற்றாண்டைத்தான் அந்த மக்கள் இயல்பான நிலை என்று நம்பிவிட்டார்கள். வரலாற்றில் அது ஒரு விதிவிலக்கு. நல்ல விதிவிலக்கு. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?