முகாம் தலைவிகள்



பெண் பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு அனுப்புவதென்றால், "கூட யார் போகிறார்கள்?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பர். பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர் இதற்குக் கண்ட விடையை ஈண்டு நினைவுகூர விழைகிறோம்.

1909 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழையாமலே வந்து நின்றனர். பேடன் பவல் அவர்களைத் தம் சகோதரி ஆக்னெஸிடம் ஒப்படைத்தார். 1910-இல் சாரணியர் இயக்கம் பிறந்தது. பிரான்சில், சேசு சபைக் குரு ஜாக் செவேன் முதலானோர் 1920-இல் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தை நிறுவினர். பெண்களுக்கான சங்கம் 1923-இல் எழுந்தது.

கூடாரம் அடிப்பது, விறகு பொறுக்குவது, சமைப்பது யாவும் சிறுமியர் வேலையே. அவர்களை நடத்தியவர் 'ஷெஃப்டேன்' எனப்பட்ட தலைவி. பொதுநிலையினரான இளம் பெண்கள், பயிற்சி முகாமில் பழகியபின், ஊதியமின்றித் தங்கள் விடுமுறையையே இப்பணிக்கு ஈந்தனர். திருப்பலிக்கும் பாவசங்கீர்த்தனத்திற்கும் ஆன்ம குரு இருந்தார். ஆனால் முகாமை நடத்தும் பொறுப்பு தலைவியுடையது. எல்லாவற்றையும் நாமே நடத்திப் பழகிய குருக்களுக்கு இது எளிதன்று! பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய வத்திக்கான் சங்க ஏடு வெளிவந்ததோ 1965 நவம்பரில்தான். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே பெற்றோர் இத்தலைவிகளை நம்பித் தம் மகள்களை அனுப்பினர்.

2004-இல் இரு சங்கங்களும் ஒன்றாக இணைந்தன. கோடை முகாம்களை இன்றும் ஊதியம் பெறாத இளைஞரும் இளம் பெண்களுமே நடத்தி வருகின்றனர்.